10 லட்சம் பவுண்டு குப்பை

நான் சிபாரிசு செய்த 'ஷாலோ கிரேவ்' என்ற ஆங்கிலப் படத்தை "பட்ஜெட் இல்லாத டிவி நாடகம்" என்று ஒருவர் நக்கலடித்துப் போட்ட பதிவைப் பார்த்துவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதை நிறுத்துங்கள். "ஒரு உலக சினிமா மேதை சிபாரிசு செய்தார்" என்று எழுதியிருக்கிறாரே, அந்த மேதை நான்தான்.

'ஷாலோ கிரேவ்' செலவு குறைந்த படம், யார் இல்லை என்றது? இயக்குநர் டேனி பாய்லின் முதல் படம், 1994, சுமார் 10 லட்சம் பவுண்டு. கதை எடின்பரோவில் நடக்கிறது, ஆனால் அந்த வீட்டைக் கிளாஸ்கோவில் ஒரு கிடங்குக்குள் செட்டாகப் போட்டு எடுத்தார்கள். கடைசியில் ஃபிலிம் வாங்கக் காசில்லாமல் செட் சாமான்களையே ஏலம் விட்டதாகச் சொல்வார்கள்.

அதனாலென்ன? துரோகத்துக்கு என்னய்யா பெரிய செலவு? மூன்று நண்பர்கள், ஒரு வீடு, புதிதாகக் குடிவந்து செத்துப்போனவனின் பெட்டி நிறையப் பணம். பிணத்தை அறுத்துக் காட்டில் புதைத்த டேவிட், அதுவும் வாய் திறக்காத அக்கவுன்டன்ட், பெட்டியோடு பரணில் ஏறி உட்கார்ந்து, தரையில் ஓட்டை போட்டு, கீழே இருக்கும் நண்பர்களையே வேவு பார்க்கிறான். கையில் காசிருந்தால் கேமரா வீட்டைவிட்டு ஊர் சுற்றப் போயிருக்கும். இல்லாததால்தான் நமக்கும் அங்கே மூச்சு முட்டுகிறது.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது பொதுச்செலவுப் பணம் ஒருநாள் காணாமல் போனது. பெரிய தொகை இல்லை. அன்று ராத்திரியிலிருந்து ஒருத்தன் குளிக்கப் போனாலும் பர்ஸை எடுத்துக்கொண்டு போனான். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது, யாரோடும் பேச்சும் இல்லை. இதைக் காட்ட எத்தனை கோடி வேண்டும்?

"ஒரு கேரக்டரையும் பிடிக்கவில்லை" என்கிறார். பிடிக்கக் கூடாது சார்! அறை கேட்டு வருபவர்களை உட்காரவைத்து அந்த மூவரும் நக்கலடிக்கும் முதல் காட்சிகளிலேயே தெரிந்துவிடுகிறதே, இதுகள் உருப்படாது என்று. கடைசிப் பகுதி கொஞ்சம் அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். லாஜிக் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. மழைப்பாட்டில் நாயகி மட்டும் நனையாத படத்துக்கு நாலு ஸ்டார் போட்டவர்கள் லாஜிக் பேச வேண்டாம். கதையைச் சொல்லிவிட்டாய், ஸ்பாய்லர் என்றும் வராதீர்கள், படம் வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பதிவு போட்டவரே, படம் பிடிக்காதது உங்கள் உரிமை. முந்தின நாள்தான் போனில் "நல்லாருக்கு தல" என்று சொன்னீர்கள். மறுநாள் காலை என் பேர் போடாமல் பதிவு. கீழே வந்து சிரித்தவர்களில் பாதிப்பேர் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே படம் பார்த்தவர்கள். அவர்களையாவது சிரிக்காமல் இருக்கச் சொல்லியிருக்கலாம்.

இனி என்னிடம் சிபாரிசு கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள். கேட்டால் 300 கோடிப் படம் ஏதாவது சொல்கிறேன்.