வில்காக்ஸ் தொகுப்பு: ஒரு சிறு திருத்தம்

அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள அரசியல் வெளியீடுகளின் சேகரிப்பான வில்காக்ஸ் தொகுப்பில் தீவிர வலதுசாரிப் பிரசுரங்கள் மட்டுமே இருப்பதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அரசியல் தீவிர இயக்கங்களை ஆராய்ந்த லேர்ட் வில்காக்ஸ் திரட்டியதை 1965இல் பல்கலைக்கழகம் வாங்கியபோதே அதில் இடதுசாரி வெளியீடுகளும் இருந்தன. வலதுசாரிப் பிரசுரங்களும் அதில் நிறையவே உண்டு. குழப்பம் வந்ததில் வியப்பில்லை.

நீங்களே பார்த்துவிடலாம். தொகுப்பு இருப்பது லாரன்ஸ் நகரின் ஸ்பென்சர் ஆய்வு நூலகத்தில். அதன் இணையப் பட்டியலில் வில்காக்ஸ் தொகுப்புக்குள் வலதுசாரி அமைப்பான 'ஜான் பர்ச் சொசைட்டி' என்று தேடுங்கள். அப்புறம், அறுபதுகளின் இடதுசாரி மாணவர் அமைப்பான எஸ்.டி.எஸ்ஸின் முழுப்பெயர், 'ஸ்டூடண்ட்ஸ் ஃபார் எ டெமாக்ரடிக் சொசைட்டி', அதையும் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். இரண்டுமே கிடைக்கும்.