கோரைக்கிழங்கை எடுக்காமல் ஜல்லி கொட்ட வேண்டாம்

தோட்டப் பாதைக்குப் பிளாஸ்டிக் தாளை விரித்து அதன் மேல் கூழாங்கல்லைக் கொட்டினால் களை வராது என்று ஓர் இணையக் கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது, எங்கள் சென்னை மாதவரம் பக்கத்துக் களிமண்ணுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழையின்போது தாளின் மேல் நீர் தேங்கிக் கற்கள் இடம் பெயர்கின்றன. கோரைக் களையின் கூரிய முளையோ அந்தத் தாளையே துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. கோரைக்குக் கிழங்குதான் உயிர் என்பதால், முதலில் அரையடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்கி அகற்ற வேண்டும். இடுப்பை ஒடிக்கும் வேலைதான், ஆனாலும் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. அதன் பிறகு மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, நீர் இறங்கக்கூடிய ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, இருபுறமும் செங்கல்லைச் செங்குத்தாகப் பதித்து, முக்கால் அங்குல ஜல்லியை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். உருண்டையான கூழாங்கல் காலடியில் நழுவும். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்.

துணி போட்டாலும் உதிரும் வேப்பிலை கற்களுக்கிடையே மக்கி மண்ணாகி, காற்றில் வரும் விதைகளுக்கு இடம் கொடுத்துவிடும் என்பதால், வாரம் ஒருமுறை பெருக்குவது அவசியம். அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் ஒருவர் களையை ஒழிக்க உப்பைத் தூவச் சொல்லியிருக்கிறார். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து கிணறுகள் உவர்ப்பாகியிருக்கும் நிலையில், நாமே மண்ணில் உப்பைச் சேர்ப்பது சரியல்ல. முளைக்கும் களைக்குக் கொதிக்கும் நீரே போதும்.