நான் நாலு வாட்தான், இப்போ என்ன?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம்ம சி.பி. ரேடியோ குரூப்பில் (சி.பி. என்றால் பொதுஜனம் 27 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொள்ளும் ரேடியோ) வந்த அந்த ஜீப் வீடியோவுக்குக் கீழே "நாலு வாட் அண்ணனைக் கூப்பிடுங்கப்பா" என்று ஒருத்தர் எழுத, அதுக்கு இத்தனை சிரிப்பு பொம்மை. நாலு வாட் சக்தியே போதும் என்கிறவன் நான், அதான் அந்தப் பேர். கூப்பிட்டாச்சு இல்ல, வந்துட்டேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் ஜீப், அதில் ஆயிரம் வாட் லீனியர், அதாவது ரேடியோ அனுப்பும் சக்தியைப் பெருக்கும் பெட்டி. தம்பி மைக்கை அழுத்தினால் ஹெட்லைட் மங்குகிறது, விட்டால் பளிச்சென்று எரிகிறது. அதைப் பார்த்துத்தான் கை தட்டுகிறீர்கள். பாதி சக்தி சூடாகவே போனால் ஆயிரம் வாட் வெளியே விட இரண்டாயிரம் உள்ளே வேண்டும், 12 வோல்ட்டில் அது 160 ஆம்பியருக்கு மேல். வண்டிக்குக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் அழுதது உங்களுக்கு லைட் ஷோ.

ஆனால் என் கோபம் கரண்ட் மேல் இல்லை. அரை மணி நேரம் அவன் "யாராச்சும் கேக்கறீங்களா" என்று கத்தினான். மூன்று முறை பதில் போனது. அவன் கேட்கவில்லை, மைக்கை விட்டுக் கொஞ்சம் காத்திருந்தால்தானே கேட்கும்? லீனியர் உங்கள் வாயைத்தான் பெரிசாக்கும், காதை இல்லை. இதை எத்தனை தடவைதான் சொல்வது?

"நாலு வாட்டில் என்ன போகும்?" என்பீர்கள். நாலை ஆயிரம் ஆக்கினால் சிக்னல் அளவில் 24 டெசிபல் கூடும். சிக்னல் மீட்டரில் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு எஸ் யூனிட்டுக்கு, 6 டெசிபல், ஆக எதிராளியின் மீட்டரில் முள் நாலு கோடு நகரும். அவ்வளவுதான் உங்கள் இருநூற்றைம்பது மடங்கு. 27 மெகாஹெர்ட்ஸில், வானத்திலிருந்து ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் திறந்திருந்தால் நாலு வாட்டே கடல் தாண்டும். ஒரு மாலை எங்கள் மாடியில், வேப்ப மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஐந்தேகால் மீட்டர் கம்பியை ஏரியலாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தோனேசியக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டது அவ்வளவு தெளிவு. ஒரு வார்த்தை புரியவில்லை, டீ ஆறிப்போகும் வரை கேட்டேன். அம்மா வந்து "யாருடா அது" என்றாள். தெரியலம்மா என்றேன். அவளும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

"அமெரிக்காவில் சி.பி. ஆறாம் சேனலில் கிலோவாட் கணக்கில் போடுறாங்களே?" போடுகிறார்கள். அங்கேயும் ஏ.எம். என்கிற ஒலிபரப்பு முறைக்கு 4 வாட், எஸ்.எஸ்.பி. என்கிற முறைக்கு 12 வாட்தான் சட்டம், அவர்கள் செய்வதும் திருட்டுத்தனம்தான். இங்கே 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் 5 வாட் என்று 2005லேயே கொடுத்துவிட்டார்கள். அதிகம் வேண்டுமென்றால் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் பரீட்சை எழுதுங்களேன். படிக்கணும், அதான் கஷ்டம்.

"பொறாமை" என்று ஒருத்தர். சரி, பொறாமைதான், வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தோப்புப் பாட்டியின் பாட்டுப்பெட்டி அணைத்தே கிடந்தது, அதற்குள்ளிருந்து அந்த ஜீப் தம்பி குரல் வந்திருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரே ஏரியல் ஆகிவிடும், இந்தப் பவருக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. பாட்டி பயந்து விபூதி பூசிக்கொண்டதாம். அதையும் சிரிப்பாகப் போட்டிருக்கிறீர்கள். திருவிழாவுக்குக் கூம்பு ஸ்பீக்கரை எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டுகிறவனைத் திட்டுகிற அதே ஆட்கள் நீங்கள்தானே? எட்டு வருஷமாக இந்தக் குரூப்பில் இருக்கிறேன். புதுசாக வந்த எத்தனை பேருக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (ஏரியல் ரேடியோவோடு ஒத்துப்போகிறதா என்கிற அளவு) பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன், அந்த ஜீப் தம்பி உட்பட. அவன் முதல் ஏரியலுக்கு நான்தான் சால்டர் வைத்தேன்.

அப்புறம் அந்த மூன்று பதில். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை மேலே, கையில் வாக்கி டாக்கியோடு நின்று சொன்னது நான்தான். "தம்பி, கேக்குது, நல்லா கேக்குது" என்றேன். மூன்றாவது தடவை பேரைச் சொல்லியே கூப்பிட்டேன்.

வரும் ஞாயிறும் காலை ஆறு மணிக்கு அங்கேதான் இருப்பேன். லீனியரோடு வருகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு மலையேற ஆளையும் கூட்டி வந்துவிடுங்கள், எனக்கு முட்டி வலி.