ரெண்டு மடங்கு ஹெலிகாப்டர்

(சைக்கிள் கடை. கணக்கு வாத்தியார் கையில் மூங்கில் குச்சி, கார்க், காகித இறக்கை.)

வாத்தியார்: கதிரேசா, பஞ்சரைப் பாரு. அப்படியே முறுக்கி விட நல்ல ரப்பர் இருந்தா குடு. பொண்ணு செஞ்ச ஹெலிகாப்டர் பொம்மை பறக்குது. அதையே ரெண்டு மடங்கா நான் செஞ்சேன், எந்திரிக்கவே மாட்டேங்குது.

கதிரேசன்: எந்த ரப்பர் போட்டாலும் கஷ்டம் சார். ரைட் அண்ணன் தம்பிக்கே எந்திரிக்கல.

வாத்தியார்: அவங்கதான் விமானமே விட்டாங்களே!

கதிரேசன்: அது பின்னாடி. 1878ல வில்பருக்கு 11 வயசு, ஆர்வில்லுக்கு 7. அமெரிக்காவுல சீடர் ராப்பிட்ஸ்ங்கிற ஊர்ல வீடு. பாதிரியார் அப்பா வெளியூர் போயிட்டு வந்து, கைக்குள்ள எதையோ மறைச்சு வெச்சு மேல விட்டாரு. விழும்னு பாத்தா கூரையில முட்டி, அங்கயே படபடன்னு அடிச்சுட்டு மெதுவா இறங்குச்சு. பிரான்ஸ்காரர் பெனோ கண்டுபிடிச்ச பொம்மை. இதே மூங்கில், இதே கார்க்.

வாத்தியார்: பசங்க உடைச்சிருப்பாங்களே.

கதிரேசன்: பின்ன? அப்புறம் தாங்களே செஞ்சாங்க. சின்னது பறந்துச்சு. பெருசாக்கப் பெருசாக்க மக்கர். வெறுத்துப்போய்ப் பட்டம் விடப் போயிட்டாங்க.

வாத்தியார்: ஏன் மக்கர்?

கதிரேசன்: நீளம் ரெண்டு மடங்கு, அகலம் ரெண்டு, தடிமன் ரெண்டு. பெருக்குங்க.

வாத்தியார்: ...எட்டு.

கதிரேசன்: எடை எட்டு மடங்கு. காத்தைத் தள்ளுற இறக்கைப் பரப்பு நாலுதான். ரெண்டு மடங்கு பெருசுக்கு எட்டு மடங்கு சக்தி வேணும்னு அப்பத் தெரியலைன்னு அவங்களே பின்னாடி எழுதியிருக்காங்க.

வாத்தியார்: நான் கணக்கு வாத்தியார்டா.

கதிரேசன்: வெளிய சொல்லமாட்டேன் சார். இன்னொண்ணு, மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் எதிரெதிராச் சுத்தணும். நீங்க ரெண்டையும் ஒரே பக்கமாச் சாய்ச்சிருக்கீங்க. ஒண்ணு தூக்கும், ஒண்ணு அமுக்கும்.

வாத்தியார்: சின்னதுல சரியா இருந்துச்சே?

கதிரேசன்: அது பொண்ணு செஞ்சது.

(காலி ட்யூப் அட்டை டப்பாவை எடுத்து ரெண்டு முனையும் திறந்து முறுக்குகிறார்.)

கதிரேசன்: 1892ல ரைட் அண்ணன் தம்பி டேட்டன்ங்கிற ஊர்ல நம்ம சைக்கிள் தொழிலுக்கே வந்தாங்க. 1899ல ட்யூப் வாங்க ஒருத்தர் வந்தாரு. அவர்கிட்டப் பேசிக்கிட்டே வில்பர் டப்பாவை இப்படித் திருகினாரு. பாருங்க, இந்த ஓரம் ஏறுது, அந்த ஓரம் இறங்குது. மேலயும் கீழயுமா இருக்கிற ரெட்டை இறக்கையை இதே மாதிரி முறுக்கினா, சாயுற விமானத்தை நிமித்திடலாம்! அந்த வருசமே அஞ்சடி பட்டத்துல கயிறு கட்டி முறுக்கிப் பாத்தாங்க. வேலை செஞ்சுது.

வாத்தியார்: வந்தவருக்கு ட்யூப் கிடைச்சுதா?

கதிரேசன்: ஏன் சார்?

வாத்தியார்: நான் பஞ்சருக்கு வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு.