இஸ்மெனேயின் பக்கம் நின்று கொஞ்சம்

'ஆன்டிகனி' நாடகத்தை இந்த வாரம் மறுபடியும் படித்தேன். கல்லூரி நாட்களில் ஆன்டிகனியின் துணிச்சல்தான் என்னைக் கட்டிப்போட்டது. நாற்பதைத் தாண்டிப் படிக்கும்போது மனசு அவள் சகோதரி இஸ்மெனேயிடமே போய் நிற்கிறது.

சோஃபக்ளிஸ் ஏதென்ஸில் கி.மு. 441 வாக்கில் மேடையேற்றிய நாடகம். தீப்ஸ் நகரத்தின் அரியணைக்காக ஆன்டிகனியின் சகோதரர்கள் இருவரும் மோதி, ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். புதிதாக அரசனான தாய்மாமன் கிரியோன், ஒருவனுக்கு முறைப்படி அடக்கம் செய்யச் சொல்கிறான், அன்னியப் படையைக் கூட்டி வந்த பாலினைசிஸை மட்டும் நாய்க்கும் பறவைக்கும் விட்டுவிடச் சொல்கிறான், மீறினால் மரணம். ஆன்டிகனி மீறுகிறாள். அவள் குழி எதுவும் வெட்டவில்லை, உடலின் மேல் மெல்லிசாகப் புழுதியைத் தூவுகிறாள், அவ்வளவுதான். காவலர்கள் அதைத் துடைத்துவிட, மறுபடியும் வந்து தூவும்போது பிடிபடுகிறாள். நம்மூரில் பிடி மண் போடுவது என்பார்களே, அதேதான்.

2020இல் எங்கள் பெரியப்பா இறந்தபோது வீட்டிலிருந்து ஒருவர் இருவர்தான் சுடுகாட்டுக்குப் போக முடிந்தது. அண்ணன் போனான். அம்மாவுக்குச் சர்க்கரை அதிகம், நானும் போய் எதையாவது வாங்கிக்கொண்டு வந்தால் என்ன ஆவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். பிறகு ஏதோ ஒரு பேச்சில் அண்ணன் "ஒரு பிடி மண் போடக்கூட வராதவன்தானே நீ" என்றான். அந்த வார்த்தை இன்னும் உள்ளே கிடக்கிறது.

அதனால்தானோ என்னவோ, இஸ்மெனே பேசுகிற இடங்களில் நின்று நின்று படித்தேன். முதல் காட்சியில், நாம் இரண்டு பேர்தான் மிச்சம், நம்மால் இது முடியாது, இறந்தவர்கள் என்னை மன்னிக்கட்டும் என்கிறாள். கோழை என்று அவளை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஆன்டிகனி பிடிபட்டதும் அழுதுகொண்டே வந்து, இதில் எனக்கும் பங்கு உண்டு, உன்னோடு சாகிறேன் என்று நிற்பவளும் அவள்தான். நீ வாழ்வைத் தேர்ந்தெடுத்தாய், நான் சாவைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஆன்டிகனி அவளைத் தள்ளிவிடுகிறாள். தங்கள் இருவரில் ஒருத்தியாவது பிழைக்கட்டும் என்றுதான் அப்படிப் பேசினாள் என்று நம்பத்தான் எனக்கு ஆசை. முடியவில்லை. உயிரோடு அடைத்துவைக்கக் குகைக்கு இழுத்துப் போகும்போது, அரச குலத்தில் மிஞ்சிய கடைசி ஆள் நான் என்கிறாள். சகோதரி உயிரோடு இருக்கிறாள், அவளோ கணக்கிலேயே இல்லை.

இன்னொரு இடம். கணவன் போனால் வேறு கணவன் கிடைப்பான், பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை பிறக்கும், தாயும் தகப்பனும் போன பிறகு ஒரு சகோதரன் பிறக்க வழியில்லை, அதனால்தான் சட்டத்தை மீறினேன் என்கிறாள். இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் தேவலை என்று ஜெர்மன் கவிஞர் கதே ஆசைப்பட்டார். எனக்கு அவை மிக உண்மையாகவே படுகின்றன, துக்கத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். ஆனால் அதே கணக்கில் இனி ஒரு சகோதரியும் பிறக்க மாட்டாள்தானே?

விசுவாசம் என்றால் இறந்தவர்களுக்கு மட்டும்தானா என்பதுதான் என் கேள்வி. கிரியோனும் கடைசியில் இதே இடத்தில்தான் தவறுகிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவன் முதலில் பாலினைசிஸிடம் போய், குளிப்பாட்டி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட அவன் மகன் ஹேமோன் அவன் கண் முன்னாலேயே வாளில் பாய்ந்து சாகிறான், செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் உயிரை விடுகிறாள்.

இஸ்மெனே நாடகத்தின் பாதியிலேயே மேடையை விட்டுப் போனவள், திரும்பி வருவதில்லை. அந்தக் காலத்து கிரேக்கத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி ஒப்பாரி வைப்பது வீட்டுப் பெண்களின் வேலை, பெற்றோருக்குத் தன் கையாலேயே செய்ததாக ஆன்டிகனியே சொல்கிறாள். அவள் உடலை யார் குளிப்பாட்டினார்கள், யார் மண் போட்டார்கள் என்று நாடகம் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதைச் செய்ய இஸ்மெனேயைத் தவிர வேறு பெண் மிச்சமில்லை.