டான்வர்ஸ் படம்: சித்திரவதைக் கோட்டை அல்ல

"சுவரில் மாட்டும் இந்தப் படத்தில் இருக்கும் டான்வர்ஸ் மனநல மருத்துவமனை, நோயாளிகளை அடைத்து வதைக்கவே கட்டிய கோட்டை. இன்றும் அப்படியே நிற்கிறது" என்று இந்தப் படத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1878-இல் திறந்த இம்மருத்துவமனை, தாமஸ் கிர்க்பிரைடு என்ற மருத்துவர் வகுத்த திட்டப்படி எழுந்தது. நடுவே நிர்வாகக் கட்டடம்; இருபுறமும் வார்டுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சற்றே விலகிப் பின்வாங்கிப் போகும். மேலிருந்து பார்த்தால் வௌவால் சிறகு மாதிரி தெரிவது அதனால்தான். பயமுறுத்துவதற்காக இல்லை, ஒவ்வொரு வார்டுக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. சங்கிலியில் பூட்டுவதைவிட அமைதியான சூழலும் தோட்ட வேலையும் மனதைத் தேற்றும் என்று நம்பியவர்கள் வரைந்த கட்டடம் அது.

கொடுமை பிற்பாடு வந்தது, அதை மறைக்கவும் கூடாது. சில நூறு பேருக்கான இடத்தில் 1930-களின் இறுதிக்குள் 2,000-க்கும் மேற்பட்டோரைத் திணித்தார்கள். கவனிக்க ஆளில்லை, பணமில்லை. மூளையின் முன்பகுதி நரம்பிணைப்புகளை வெட்டும் லோபோடமி அறுவை சிகிச்சையும் நடந்தது.

1992-இல் மூடிவிட்டார்கள். 2006-இல் பெரும்பகுதியை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பாக்கினார்கள். நடுப்பகுதியின் வெளிச்சுவர்தான் மிச்சம். அருகில் உள்ள கல்லறைகளில் பெயரில்லை, எண்கள்தான் இருந்தன. முன்னாள் நோயாளிகளே முன்னின்று அந்தப் பெயர்களைத் தேடி மீட்டார்கள். என்னைக் கேட்டால், படத்தின் கீழ் எழுத வேண்டிய செய்தி அதுதான். தயவுசெய்து 'வதைக்கவே கட்டியது' என்ற வரியை நீக்கிவிடுங்கள்.