மைக் கையில் கிடைத்தால் எதையும் கேட்டுவிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த கால்பந்துப் பரிசளிப்பு விழா வீடியோ கிருஷ்ணகிரியில் பாதிப் பேர் போனுக்கு வந்துவிட்டது. நடந்ததைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. கோப்பை வாங்க வந்த பெண்ணிடம், மேடையில் நின்றவர் "டென்னிஸ் வரலைன்னு புட்பாலுக்கு வந்துட்டியாம்மா?" என்று மைக்கில் கேட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தாரே, எனக்கு அந்த ஒரு வரிதான் பிரச்சினை. அவள் என் அக்கா மகள். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், கமெண்ட்டில் யாரும் துப்பறிய வேண்டாம்.

டென்னிஸ் அவளுக்கு நன்றாகவே வந்தது. வராதது பணம்.

ராக்கெட்டில் நரம்பு அறுந்தால் மாற்றச் செலவு. ரேங்கிங் புள்ளி வேண்டுமென்றால் பெங்களூரு, சென்னை என்று போக வேண்டும். அக்கா விடியற்காலை பஸ் ஏறி அவளைக் கூட்டிக்கொண்டு போவாள். தகுதிச் சுற்றில் பத்து மணிக்குத் தோற்றால், மத்தியானம் திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து வருவார்கள். கோச் ஃபீஸ், என்ட்ரி ஃபீஸ், தங்கும் செலவு. மாமாவின் சம்பளம் எவ்வளவு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். புட்பாலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் போதும், பந்து பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அவள் மாறினாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பிரேசிலில் நத்தாலியா கிட்லர் என்று ஒருவர். தொழில்முறை டென்னிஸ் ஆடியவர். அதை விட்டு ஃபுட்வாலிக்குப் போனார். மணலில் வாலிபால் மாதிரி வலை கட்டி, கை படாமல் கால், மார்பு, தலையால் ஆடும் ஆட்டம். 1960களில் ரியோவின் கோபகபனா கடற்கரையில் கால்பந்து ஆடக் கூடாது என்று போலீஸ் விரட்டியபோது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் வாலிபால் வலைக்குப் பக்கம் ஒதுங்கியதில் பிறந்தது என்பார்கள். அதில் கிட்லர் உலக சாம்பியன். அப்புறம் டெக்பாலும் ஆடினார். ஹங்கேரியில் உருவான விளையாட்டு அது. வளைந்த மேசை, நடுவில் தடுப்பு, மூன்று தொடுதலுக்குள் பந்தை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும், ஒரே உடல் பாகத்தால் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது.

இரண்டையும் கொஞ்ச நேரம் பாருங்கள், யூடியூபில் கிடைக்கிறது. இரண்டிலும் நடுவில் ஒரு தடுப்பு. எதிரில் இருப்பவர் எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறார், எந்த மூலை காலி, பந்தைத் தூக்கிப் போடுவதா தடுப்பை ஒட்டி விடுவதா என்ற கணக்கு. டென்னிஸ் கோர்ட்டில் வருஷக்கணக்காகப் போட்ட கணக்குத்தானே அது? கிட்லர் டென்னிஸை விட்டார், டென்னிஸ் அவரை விடவில்லை. எங்கள் பெண்ணும் அப்படித்தான். பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்னால் அங்கே போய் நிற்கிறாள். அரையிறுதியில் அவள் போட்ட கோலை மைக் பிடித்தவர் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். அவர் வந்ததே பரிசளிப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான்.

"கிட்லர் டென்னிஸில் பெரிய ஆளாக வரவில்லையே" என்று, நான் நேற்று அவரைப் பற்றிச் சொன்னதுமே ஒருவர் கூகுள் செய்துவிட்டு இன்பாக்ஸில் வந்தார். ஆமாம், வரவில்லை. அவர் காலத்தில் கீழ்மட்டத் தொடர்களில் பல, மொத்தப் பரிசே 10,000 டாலர் கொண்டவை. அதை முப்பத்திரண்டு பேர் பிரித்துக்கொண்டு, விமானச் செலவையும் பார்க்க வேண்டும். அதில் காலம் தள்ளுவது லட்சியம், இன்னொரு ஆட்டத்தில் உலக சாம்பியன் ஆவது தோல்வியா? நல்ல கணக்கு.

முதலிடம் வரை போனவர் மாறியிருந்தால்தான் ஒத்துக்கொள்வீர்கள் என்றால், ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை ஆஷ் பார்ட்டி இருக்கிறார். 2014ல் டென்னிஸை நிறுத்தினார், பிரிஸ்பேன் ஹீட் அணிக்காக கிரிக்கெட் ஆடினார், திரும்பி வந்து 2019ல் பிரெஞ்சு ஓபன், 2021ல் விம்பிள்டன் ஜெயித்தார். 2022ல் உலகின் முதல் இடத்தில் இருக்கும்போதே ஓய்வு. எல்லிஸ் பெர்ரி ஆஸ்திரேலியாவுக்காகக் கிரிக்கெட்டும் ஆடினார், 2011 மகளிர் கால்பந்து உலகக் கோப்பையில் கோலும் போட்டார். அவர்களிடமும் மைக்கில் இப்படிக் கேட்பீர்களா?

"சின்னப் பிள்ளைகளுக்கு நிலைத்து நிற்கும் பழக்கம் வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும். ஆனால் அதைப் பெரியவர்களிடம் கேட்கிறோமா?

நம் ஊரில் மாங்கூழ் ஆலையை மூடிவிட்டு மனை விற்கப் போனவருக்கு "தொழிலை விரிவுபடுத்தினார்" என்று ஃபிளக்ஸ் வைக்கிறோம். கட்சி மாறியவருக்கு மாலை போடுகிறோம். ஒரு பெண் பிள்ளை ராக்கெட்டைக் கீழே வைத்து பூட்ஸ் மாட்டினால் மட்டும் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் மேடையில், அதுவும் இருநூறு பேர் முன்னால்.

பெண் பிள்ளை என்று எழுதும்போதே கை நடுங்குகிறது, உண்மையைச் சொல்கிறேன். பென்னாகரத்தில் நான் படித்தபோது பள்ளி வாலிபால் அணியில் இருந்தேன். மாவட்டப் போட்டிக்கு தர்மபுரி போக வேண்டும். "ராத்திரி வண்டியில வர்றதுன்னா வேண்டாம்" என்று வீட்டில் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு என்னை யாரும் கேலி செய்யவில்லை, அது வேறு விஷயம். யாரும் எதுவுமே கேட்கவில்லை. இவளை அப்பாவும் அம்மாவும் ஆடப் போக விட்டார்கள். இருட்டினால் மைதானத்தில் விளக்கில்லை, ஷார்ட்ஸ் போட்டதற்கு நம் சொந்தத்திலேயே இரண்டு பேர் பேசினார்கள், "வெயில்ல கறுத்துப் போயிடுவா, அப்புறம் மாப்பிள்ளை?" என்று ஒரு பெரியம்மா. அதையெல்லாம் தாண்டி வந்தவள்தான் அந்த மேடையில் நின்றாள். வலது கால் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. கேள்வியைக் கேட்டதும் சிரித்த மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு, கோப்பையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். வீடியோவில் தெரியும். நீங்கள் சிரிக்கிற சத்தத்துக்கு நடுவில் பாருங்கள்.

"சும்மா தமாஷுக்குக் கேட்டார், இதை இவ்வளவு பெரிதாக்கணுமா?" தமாஷ்தான். அவர் மகன் மூன்றாவது தடவையாக கோர்ஸ் மாற்றியிருக்கிறாராம், அதையும் அடுத்த விழாவில் கேட்டுத் தமாஷ் பண்ணலாம். ஐயோ, கேட்கக் கூடாதாம், அது குடும்ப விஷயமாம்.

மன்னிப்பு எல்லாம் எதிர்பார்க்கவில்லை. அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்திருப்பவர்கள், சிரிப்பு எமோஜியோடு குரூப்பில் போட்டவர்கள், இன்றைக்குள் எடுத்துவிடுங்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அந்த குரூப்பில் இருக்கிறார்கள். ஓசூர் சித்தப்பா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.